பிரதர் மடி

கொஞ்சம் நகந்து உக்காருங்க சார். இந்தப் பைய மேல வைக்க முடியாது, கால் பக்கத்துலயே வச்சுக்கிறேன். உள்ள சீர் இருக்கு. தாய்மாமன் சீர். தங்கச்சி மகளுக்கு இன்னைக்கு அழகர்கோயில்ல காதுகுத்து. நான்தான் தாய்மாமன். பிள்ளைய என் மடியில வச்சுத்தான் குத்தப்போறாய்ங்க.

அது என்ன கையில, ஸ்கேன் கவரா? மதுரைக்கா? வயித்துலயா? ஆபரேஷன்னு சொல்லிட்டாய்ங்களா? சொல்லுவாய்ங்க, சொல்லுவாய்ங்க. வேற என்ன சொல்லத் தெரியும் அவய்ங்களுக்கு. கோட்டு போட்டு கழுத்துல ஒரு ரப்பர் குழாயத் தொங்கவிட்டா ஆண்டவனுக்குப் பக்கத்து வீடுன்னு நெனப்பு. நீங்க அவய்ங்க சொல்றதுக்கெல்லாம் மண்டைய மண்டைய ஆட்டாதீங்க. நாலு கேள்வி கேளுங்க. நான் கேட்டேன். என்னைய மாதிரிக் கேட்ட ஆளு அந்த ஆஸ்பத்திரியில அதுக்கு முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல.

உசிலம்பட்டியில எறங்கி போர் தவசின்னு கேட்டுப் பாருங்க, சின்னப்பிள்ளகூட வழி சொல்லும். போர் போடுறது, பைப்பு எறக்குறது, மோட்டார் மாட்டுறது, எல்லாம் நம்மதான். பூமிக்குள்ள பாதாளம் வரைக்கும் பைப்பு எறக்குனவன் சார் நானு. என்கிட்டயே வந்து ரெண்டு பைப்பு முட்டலைன்னு ஒரு பொம்பளப் பிள்ளை கதை விடுது. டாக்டராம்.

இருங்க, மொதல்ல இருந்து சொல்றேன். செக்கானூரணியில பஸ்ஸுல கூட்டம் ஏறிருச்சுன்னா பேச முடியாது.

என் தங்கச்சி பவளக்கொடி. அப்பா அம்மா இல்லாத பிள்ளை, நான் வளத்தது. கட்டிக்குடுத்தது மதுரையில. மாப்ள பேரு மலைச்சாமி, வாயில வெரல வச்சாக் கடிக்கத் தெரியாத ஆளு. ரொம்ப வருஷமாப் பிள்ளை இல்ல. போகாத கோயில் இல்ல, முழுங்காத மருந்து இல்ல. அப்புறம் ஒரு வழியா உண்டாகி, தலப்பிரசவம் அண்ணன் வீட்டுலதான்னு நான் கூட்டியாந்துட்டேன். நம்ம ஊரு ஆஸ்பத்திரியிலதான் பெறந்துச்சு. பொம்பளப் பிள்ளை. மகாலட்சுமி மாதிரி.

நீங்க தேனிப் பக்கமா? அப்பச் சேனைத்தண்ணி தெரியும்ல? பிள்ளை பெறந்ததும் மொத மொத சீனித்தண்ணியத் தொட்டு நாக்குல வைக்கிறது. யாரு வைக்கிறாகளோ அவுக கொணம் அப்படியே பிள்ளைக்கு வந்துரும். அதனாலதான் கண்டவன் கையிலயும் அதக் குடுக்க மாட்டாய்ங்க. நான் பவளக்கொடிக்கு வளைகாப்பு அன்னைக்கே சொல்லிட்டேன், சேனை நான்தான் வைப்பேன், என் தைரியம் அதுக்கு வரணும்னு. அதுக்காக ஆசாரிகிட்டச் சொல்லி வெள்ளியில ஒரு பாலாடை செஞ்சேன். பாலாடைன்னா, பச்சப்பிள்ளைக்குப் பால் புகட்டுற மூக்கு வச்ச கிண்ணம், அதேதான். அடியில 'த'ன்னு வெட்டச் சொன்னேன். தவசிக்கும் த, தாய்மாமனுக்கும் த.

பிள்ளையத் தொடச்சுக் கொண்டாந்து போட்டுச்சு நர்சம்மா. போடும்போதே மொறச்சுக்கிட்டு, 'வாயில நுரை நுரையா வந்துக்கிட்டே இருக்கு, டாக்டரக் கூட்டியாறேன், அதுவரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணிகூடக் குடுக்காதீங்க'ன்னு சொல்லிட்டுப் போச்சு. பச்சப்பிள்ள வாயில எச்சி வராம எண்ணெயா சார் வரும்? இவுக சொல்லிட்டா நாம கையக் கட்டிக்கிட்டு உக்காரணுமா? நல்ல நேரம் முடியப்போகுது. பவளக்கொடி மயக்கத்துல, 'அண்ணே, அந்தம்மா வரட்டும்ணே'ன்னா. நீ சும்மா கெடன்னு சொல்லிட்டேன்.

மத்தவய்ங்கன்னா நாக்குல ஒரு சொட்டு தொட்டு வைப்பாய்ங்க. நான் என்ன கஞ்சனா? ஒரு பாலாடை, தளும்பத் தளும்ப ஊத்துனேன்.

புரையேறிருச்சு. யாருக்குத்தான் புரையேறல? இப்ப உங்களுக்கு ஏறாதா, எனக்கு ஏறாதா? உச்சியில ரெண்டு தட்டு தட்டினாச் சரியாப்போகும். நான் தட்டுறேன், அதுக்குள்ள பிள்ளை நீலம் பூத்துப்போச்சு. ஒதடு, நகம், எல்லாம். நர்சம்மா ஓடியாந்து என் கையில இருந்து புடுங்குச்சு பாருங்க, என்னமோ திருடன்கிட்ட இருந்து சங்கிலியப் புடுங்குற மாதிரி.

அப்புறம் ஒரு டாக்டரு வந்து மூக்குல ட்யூப் விட்டுப் பார்க்குறாரு, போக மாட்டேங்குது. சுருட்டிக்கிட்டு மேல மேல வருது. பிள்ளைக்குச் சோறு போற குழாயே பாதிதான் இருக்காம். மேல் பாதி அடி மூடுன பை மாதிரி நிக்குதாம். கீழ்ப் பாதி, அது போய் மூச்சுக் குழாய்ல ஒட்டிக்கிட்டு இருக்காம். குடிக்கிறது வயித்துக்குப் போகாது, நெஞ்சுக்குத்தான் போகுமாம். மதுரைக்கு ஆம்புலன்ஸுல அனுப்பிட்டாய்ங்க.

இப்பச் சொல்லுங்க சார், இதக் கண்டுபிடிச்சது யாரு? நான் ஊத்தலைன்னா ஒருத்தனுக்கும் தெரிஞ்சிருக்குமா? டாக்டரு கண்டுபிடிச்சாராம், நர்சு கண்டுபிடிச்சுச்சாம். கண்டுபிடிச்சவன் இந்தா உங்க பக்கத்துல உக்காந்திருக்கான். இன்னைக்கு வரைக்கும் ஒரு நன்றின்னு ஒரு வார்த்தை, ம்ஹூம்.

நன்றிய விடுங்க. மதுரையில அந்த டாக்டரம்மா, காலேஜுக்குப் போற பிள்ளை மாதிரி இருக்கு, அது வந்து மாப்ளகிட்டச் சொல்லுது, 'நுரையப் பார்த்ததுமே தெரிஞ்சிருக்கும், வாயில ஒண்ணும் குடுக்காம அனுப்பியிருந்தா உடனே ஆபரேஷன் பண்ணியிருக்கலாம். இப்பச் சீனித்தண்ணி நுரையீரலுக்குள்ள போயிருக்கு, அது தேறுற வரைக்கும் மிஷின்லதான் மூச்சு, உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாது'ன்னு. பார்த்தீங்களா? தனக்கு வேலை ஓடலைன்னா அடுத்தவன் தலையில கட்டுறது. என் கடையில வேலை பாக்குற பயலுகளும் இப்படித்தான், மோட்டார் ஓடலைன்னா கரண்டு மேல பழியப் போடுவாய்ங்க.

நான் விடல. 'ஏம்மா, ரெண்டு முனையையும் இழுத்துச் சேத்து நடுவுல ஒரு சாக்கெட் போட்டுச் சொல்யூஷன் தடவுனா ஆச்சு, இதுக்கு எதுக்கும்மா இம்புட்டுக் கூட்டம்?'னு கேட்டேன். அது தன் சுண்டுவிரல நீட்டுது. 'ஐயா, இந்தப் பிள்ளையோட குழாய் இதுல பாதிகூட இருக்காது. தைக்கிற நூலு தலைமுடியவிட மெல்லிசு. உங்க பைப்பு அசையாம கெடக்கும், இது மூச்சுக்கு மூச்சு அசையும். பக்கத்துல இதயம் துடிச்சுக்கிட்டு இருக்கும், அதத் தொடாம தைக்கணும்'னு சொல்லிட்டு ஒரு சிரிப்பு. நக்கல் சிரிப்பு இல்ல சார், களைச்சுப்போன சிரிப்பு. ஆனாலும் திமிருதான்.

அப்புறம் ஒரு வழியா நுரையீரல் தேறி, ஆபரேஷன் பண்ணுனாய்ங்க. பிள்ளையோட நெஞ்சு எம்புட்டு இருக்கும்? என் வாட்ச்சு டயல்ல ரெண்ட வச்சாத் தீந்துபோச்சு. அதுக்குள்ள கைய விட்டு மணிக்கணக்கா என்னத்தத்தான் தேடுனாய்ங்களோ. முடிச்சு வந்து சேத்தாச்சுன்னாய்ங்க. சரின்னு இருந்தா, கொஞ்ச நாள்ல லீக்கு! தையல் போட்ட எடத்துல கசியுதாம். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். என் வேலையில லீக்கு வந்தாக் கஸ்டமர் சட்டையப் புடிச்சிருவான். டாக்டரம்மா அசரவே இல்ல. 'சில பிள்ளைகளுக்குக் கசியும், அதுக்குத்தான் பக்கத்துல ஒரு ட்யூப் வச்சிருக்கோம், வாய்க்கு ஒண்ணும் போகாமப் பார்த்துக்கிட்டா தானா மூடிக்கிரும்'னு சொல்லிட்டுப் போயிருச்சு. தானா மூடிக்கிருமாம்! அப்ப இவுகளுக்கு எதுக்குப் பட்டம்?

மூடிருச்சு. தானாத்தான் மூடுச்சு. அது வேற விஷயம்.

இப்ப முக்கியமான எடத்துக்கு வர்றேன். அங்க கண்ணாடிக் கதவு போட்ட ஒரு அறை, ஐசியூ. ஆபரேஷன் முடிஞ்ச புதுசு, நான் வாசல்ல உக்காந்துக்கிட்டு இருக்கேன். உள்ள இருந்து ஒரு நர்சுப் பொண்ணு கத்துது, 'பிரதர்! பவளக்கொடி பேபிக்கு ஆக்சிஜன் எறங்குது, சீக்கிரம் வாங்க பிரதர்!' நான் எந்திரிச்சு ஓடுறேன். ஓடுவேனா மாட்டேனா? பவளக்கொடிக்குப் பிரதர் யாரு? நான்தான? கதவத் தள்ளிக்கிட்டு, செருப்போட, உள்ள.

உள்ள போனா, நீலச் சட்டை போட்ட ஒரு பையன் பிள்ளைகிட்ட குனிஞ்சு நிக்கிறான். கையுறை போட்ட கை ரெண்டும் பிள்ளை மேல. என்னையத் தொடாம, தோளால தள்ளுறான் சார், மாட்ட ஓரங்கட்டுற மாதிரி. 'அண்ணே, வெளிய போங்க. அண்ணே, கால்ல செருப்பு.' சத்தங்கூடப் போடல. பெறகுதான் தெரியுது, ஆம்பள நர்சுக்கு அங்க பிரதர்னு பேராம். பொம்பளைக்குச் சிஸ்டர்னா ஆம்பளைக்குப் பிரதர். நல்லா வச்சாய்ங்க பேரு. கூடப்பெறந்தவன் வெளிய நிப்பானாம், சம்பளத்துக்கு வந்தவன் பிரதராம்.

அவன் பேரு செல்வின். நாகர்கோவில் பக்கம். செல்வினோ கில்வினோ.

ஆனா அந்த ஒரு நிமிஷத்துல நான் பிள்ளையப் பார்த்துட்டேன். வாயில குழாய், நெஞ்சுல குழாய், கைக்கு ஒண்ணு, காலுக்கு ஒண்ணு. மிஷின் ஊதினா நெஞ்சு ஏறுது, விட்டா எறங்குது. அழுகுது சார், வாயத் தொறந்து அழுகுது, சத்தம் வரல. குழாய் இருந்தாச் சத்தம் வராதாம். வெளிய வந்ததும் எனக்குக் கண்ணுல தண்ணி. அங்க அடிக்கிற மருந்து நெடி அப்படி. மாப்ளகூடக் கேட்டான், என்ன மச்சான் அழுகுறீங்கன்னு. போடா, நெடின்னேன்.

அதுக்கப்புறம் அந்தச் செல்வின் ராஜ்ஜியந்தான். பச்ச ஒடம்போட மதுரைக்கு வந்த பவளக்கொடி ஐசியூ வாசலே கதின்னு உக்காந்துட்டா. அவன் வெளிய வந்து தலையாட்டினாச் சாப்பிடுவா, ஆட்டலைன்னாச் சாப்பிட மாட்டா. என்கிட்டப் பேச்சே இல்ல. நான் வளத்த பிள்ளை. 'அண்ணே, நீ ஊருக்குப் போண்ணே'ங்கிறா. அது ஒண்ணுதான் பேசுனது.

அப்புறம் ஒரு நாளு, மருந்து ஊத்திப் படமெடுத்துப் பார்த்துட்டுக் கசிவு இல்ல, வாய் வழியாக் குடுக்கலாம்னு டாக்டரம்மா சொல்லிருச்சு. நான் உடனே வெள்ளிப் பாலாடைய எடுத்து மாப்ளகிட்டக் குடுத்து விட்டேன். அப்படியே திரும்பி வந்துருச்சு. 'வேணாம் அண்ணே, இங்க கொதிக்க வச்சது இருக்கு'ன்னு அந்தப் பய சொல்லிட்டானாம். ஒரு எவர்சில்வர் பாலாடை, ஆஸ்பத்திரிப் பாலாடை! அதுல பவளக்கொடி பால எடுத்து, பிள்ளைய மடியில நிமித்தி வச்சுக்கிட்டு ஒரு சொட்டு வைக்கிறான். நிறுத்துறான். மூச்சப் பார்க்குறான். இன்னொரு சொட்டு. அவசரமே இல்ல அவனுக்கு. கண்ணாடி வழியாப் பார்த்துக்கிட்டு நிக்கிற எனக்குக் கால் வலி எடுத்துருச்சு.

உள்ள அவன் பக்கத்துல உக்காந்திருந்த பவளக்கொடி வெளிய வந்து, அழுதுக்கிட்டே மாப்ளகிட்டச் சொல்றா, 'இதுதாங்க என் பிள்ளைக்குச் சேனை. அது சேனையே இல்ல'ன்னு. நான் நிக்கிறேன் அங்கனயே. மாத்துச் சேனைன்னு ஒண்ணு உலகத்துல உண்டா சார்? நீங்க கேள்விப்பட்டிருக்கீங்களா? நான் வச்சதத்தான் குழாயப் போட்டு உறிஞ்சி எடுத்துட்டாய்ங்களே, அந்தக் கொழுப்புதான் அப்படிப் பேசச் சொல்லுது.

பிள்ளைக்கு இப்ப மூணு வயசாகப் போகுது. நான் இன்னும் தூக்கல. நெசமாத்தான் சொல்றேன், ஒரு தடவகூடத் தூக்கல. மதுரைக்குப் போவேன், 'பாப்பா தூங்குறா அண்ணே'ம்பா பவளக்கொடி. உள்ள விளையாடுற சத்தம் கேக்கும். அதுக்கு ஒரு இருமல் உண்டு, கணீர்னு, வித்தியாசமா. மூச்சுக் குழாய் அப்படியாம், பெரிசானாச் சரியாயிருமாம். அப்பப்பக் கொண்டுபோய் சோத்துக் குழாய்ல தையல் சுருங்குன எடத்த விரிச்சுவிட்டுக் கூட்டியாறாய்ங்க. தூங்குற பிள்ளைக்கு அப்படி இருமல் வராது சார். நான் பிஸ்கெட்ட வாசல்லயே வச்சுட்டு வந்துருவேன். அப்புறம் மாப்ள சொன்னான், பிஸ்கெட் வேணாம் மச்சான், அடச்சுக்கிரும்னு. சரிப்பா, வாங்கலப்பா.

ஒரே ஒரு தடவ சாப்பிடுறதப் பார்த்தேன், கதவு இடுக்குல. ஒரு வாய் வாங்குது. மெல்லுது, மெல்லுது, மெல்லுது. பவளக்கொடி அடுத்த வாய நீட்டினா, அது கையப் புடிச்சு 'இரும்மா'ங்குது. எங்க வம்சத்துல எவனாவது இப்படிப் பொறுமையாத் தின்னிருக்கானா? நானெல்லாம் எலையப் போட்டதும் தெரியாது, எடுத்ததும் தெரியாது. யாரு கொணமோ.

லீவு கெடச்சா அந்தச் செல்வின் வீட்டுக்கே வந்துருவானாம். பிள்ளை ஓடிப்போய் மடியில ஏறிக்கிருமாம். ஏறட்டும். ஆஸ்பத்திரி பழக்கம் வீட்டு வாசலோட சரி. சபையில முறைன்னு வந்தா நான்தான சார்? நான் அப்பவே ஊருல சொன்னேன், வருவாய்ங்க, தாய்மாமன் இல்லாம எப்படிக் காது குத்துறாய்ங்கன்னு பார்க்குறேன்னு. வந்துருச்சா இல்லையா? மாப்ள வாட்ஸ்அப்புல பேசி அனுப்பியிருக்கான். இருங்க, போட்டுக் காட்டுறேன். சத்தம் பத்தல, காதுல வச்சுக் கேளுங்க.

கேட்டீங்களா? 'மச்சான், ஞாயித்துக்கெழம அழகர்கோயில்ல பாப்பாவுக்குக் காதுகுத்து வச்சிருக்கோம். பிரதர் மடியில வச்சுத்தான் குத்தணும்னு பவளக்கொடி உறுதியாச் சொல்லிட்டா. நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காம வந்து தல காட்டிட்டுப் போங்க மச்சான்.' எப்படி? உறுதியாச் சொல்லிட்டாளாம்! ரத்தம் விட்டுப் போகுமா சார்? அண்ணேன்னு கூப்பிட்ட பிள்ளை இப்ப பிரதருங்கிறா. மதுரையில இருக்காள்ல, அந்த ஸ்டைலு. நேத்தெல்லாம் அத எத்தன தடவ கேட்டேன்னு எனக்கே தெரியாது. தோடு எடுத்தேன், பட்டுப்பாவாடை எடுத்தேன், மாலை கட்டச் சொன்னேன். புது வேட்டி இது, மடியில அழுக்கு ஆகக்கூடாதுன்னு ஒதுங்கி ஒதுங்கி வர்றேன்.

ஏன் சார் அப்படிப் பார்க்குறீங்க?

இல்ல, மாப்ள என்னைய எப்பவும் மச்சான்னுதான் கூப்பிடுவான். பிரதர்னு எதுக்குக் கூப்பிடப் போறான்... இதுலயும் மச்சான்னுதான ஆரம்பிக்கிறான்.

குடுங்க அந்தப் போன.

...

'மனசுல ஒண்ணும் வச்சுக்காம.' இத ஏன் சொல்றான் இவன்? நான் என்னத்த மனசுல வைக்கப்போறேன்?

செக்கானூரணி வந்துருச்சா? ஏறுங்கப்பா, ஏறுங்க, பைய மிதிக்காம ஏறுங்க. சீர் இருக்கு அதுல.

எறங்குறதா? நான் ஏன் சார் எறங்கணும்? எவன் மடியா இருந்தா என்ன, தோடு என் தோடுதான? அவன் உக்காரட்டும். அவனுக்குச் சபையில உக்காந்து ஏது பழக்கம், மால விழுந்தா எந்தப் பக்கம் வாங்குறதுன்னுகூடத் தெரியாது. நான் போய் பின்னாடி நிப்பேன். நின்னாத் தப்பா? குத்தும்போது பிள்ளை வீறிட்டு அழுகும். அழுதா அந்த இருமல் வரும். இருமி இருமி மொகம் செவந்து, மூச்சு முட்டும். அப்பப் பக்கத்துல ஒரு ஆளு வேணும்ல சார், ஒரு வாய் தண்ணி...

இல்ல. தண்ணி குடுக்கக்கூடாது. நிமித்திப் புடிச்சுக்கிட்டு, மூச்சு வர்ற வரைக்கும் சும்மா இருக்கணும். அவன் அப்படித்தான் செய்வான், கண்ணாடி வழியாப் பார்த்திருக்கேன். நான் ஒண்ணும் குடுக்க மாட்டேன் சார். கைய இப்படிப் பின்னால கட்டிக்கிட்டு நிப்பேன். பவளக்கொடி திரும்பிப் பார்த்தா என் கை தெரியணும், ஒண்ணும் இல்லைன்னு தெரியணும்.

நீங்களே சொல்லுங்க, நான் என்ன விஷமா குடுத்தேன்? சீனித்தண்ணி. ஆசையா வச்சது. தளும்ப ஊத்துனேன்னு சொன்னேன்ல, அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது. ஒரு பாலாடைகூட முழுசா இருக்காது சார். முக்காப் பாலாடை இருக்கும். அரைதான் இருக்கும்.